மின்சாரக் கார் ஏன் இன்னும் சாதாரணக் காரின் விலைக்கு இறங்கவில்லை?

பேட்டரி விலை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது என்று ஒரு செய்தி சொல்கிறது. குறைந்த விலை மின்சாரக் காரை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறோம் என்று கார் நிறுவனங்கள் அறிவிப்பதாக இன்னொரு செய்தி வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் குழம்புவது இயல்பே. மின்சாரக் காரில் விலை கூடிய பாகம் பேட்டரிதான் என்றால், அதன் விலை சரியச் சரியக் காரின் விலையும் சரிந்திருக்க வேண்டாமா?

பேட்டரியின் அளவு அப்படியே இருந்திருந்தால் சரிந்திருக்கும். ஆனால் ஒரு யூனிட் (கிலோவாட் மணி) கொள்ளளவின் விலை குறையக் குறைய, ஒவ்வொரு காரிலும் ஏற்றப்படும் யூனிட்டுகள் கூடிக்கொண்டே போயின. 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை நிசான் லீஃப் காரில் இருந்த பேட்டரி 24 யூனிட். இன்று நடுத்தரக் குடும்பக் கார் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் 60 முதல் 80 யூனிட் வரையிலான பேட்டரிகள் சர்வசாதாரணம். மலிவானதன் பலன் வாங்குபவரின் பைக்குப் போவதற்கு முன்பே, காரின் எடையாகவும் தூரமாகவும் மாறிவிட்டது. மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அன்றாடக் காரின் நிலை

வேகக் கார்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அன்றாடக் கார் சுவையற்ற பொருளாகத் தோன்றலாம். பொறியியல் கண்ணோடு பார்த்தால் அதைவிடக் கடினமான வேலை குறைவு. செலவைப் பற்றிக் கவலைப்படாமல் 400 குதிரைத்திறனைக் கொண்டுவருவது ஒன்றும் பெரிய சாதனை அல்ல. நான்கு பேரையும் அவர்களின் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு, குறைந்த எரிபொருளில், பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொந்தரவில்லாமல் ஓடும் ஒன்றைச் சம்பளக்காரர் வாங்கும் விலையில் தருவதுதான் சாதனை. 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததன் விளைவாக வடிவமைக்கப்பட்டு, 1959-இல் வெளிவந்த பிரிட்டனின் மினி கார் அப்படிப்பட்டது. ஏறத்தாழ 3 மீட்டர் நீளத்துக்குள் நால்வர் உட்கார வேண்டும் என்பதற்காக எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து முன்சக்கரங்களை இயக்கினார்கள். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை இதே அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன.

இந்த இனம் இப்போது சுருங்கிவருகிறது. 1976 முதல் தயாரிக்கப்பட்டுவந்த ஃபோர்டு ஃபியஸ்டாவின் உற்பத்தி 2023-இல் நின்றது. ஃபோக்ஸ்வாகனின் மிகச் சிறிய காரான அப் மாடலும் அதே ஆண்டில் முடிவுக்கு வந்தது. இதற்கான காரணம் மின்சாரம் மட்டும் அல்ல. காற்றுப் பைகள், சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு, புகை வடிகட்டும் கருவிகள், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி ஆகியவற்றின் செலவு சிறிய காருக்கும் பெரிய காருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி, 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. பாதுகாப்பு நல்லதே, ஆனால் அந்தச் செலவு பெரிய காரின் விலையில் கரைந்துவிடுகிறது, சிறிய காரின் விலையிலோ துருத்திக்கொண்டு நிற்கிறது. லாபமும் பெரிய காரில்தான் அதிகம் என்பதால் நிறுவனங்கள் அந்தப் பக்கம் நகர்ந்தன.

ஆகவே மின்சாரக் காரோடு ஒப்பிடப்படும் பெட்ரோல் காரே ஏற்கெனவே விலை ஏறிய கார். விலை கூடியதற்கான பழியை முழுவதும் பேட்டரியின் தலையில் போடுவது நியாயமாகாது.

பேட்டரி விலை: அடிப்படைக் கணக்கு

மின் கட்டண ரசீதில் யூனிட் என்று குறிக்கப்படுவதும் பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் கிலோவாட் மணியும் ஒன்றே. 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம் அது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஆனால் அன்றாட ஓட்டத்தில் பெட்ரோல் எஞ்சின் அதில் நான்கில் ஒரு பங்கையே சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. மின்மோட்டாரோ பேட்டரியிலிருந்து எடுப்பதில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குத் தந்துவிடுகிறது. அதனால்தான் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர், அதாவது 54 யூனிட் ஆற்றல், குடிக்கும் பெட்ரோல் காரின் வேலையை, அதே அளவுள்ள மின்சாரக் கார் ஏறத்தாழ 15 யூனிட்டில் முடிக்கிறது.

ப்ளூம்பெர்க் என்இஎஃப் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2010-இல் யூனிட்டுக்கு 1,000 டாலருக்கும் மேல் இருந்தது. 2024-இல் 115 டாலர். இதை வைத்து ஒரு பெருக்கல் போடலாம். முதல் லீஃபின் 24 யூனிட், அன்றைய சராசரியில் 24,000 டாலரைத் தாண்டும். 2024-இன் சராசரியில் 2,760 டாலர். அதே 2024 விலையில் 75 யூனிட் பேட்டரிக்கு ஆகும் செலவு 8,625 டாலர். சிறிய பேட்டரிக்கும் பெரிய பேட்டரிக்கும் இடையே உள்ள கிட்டத்தட்ட 6,000 டாலர் வித்தியாசம், தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கூடம் வரை வரும்போது லாபமும் வரியும் சேர்ந்து இன்னும் பெருகும்.

இந்தப் பெருக்கலில் ஒரு திருத்தம் தேவை. பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை, உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் ரிலேக்கள், மோதல் தாங்கும் உறை, குளிரூட்டும் குழாய்கள் ஆகியவை சிறிய பேட்டரிக்கும் வேண்டும். எனவே பேட்டரி சிறிதாகச் சிறிதாக யூனிட் ஒன்றின் விலை சற்று ஏறும். ஆனாலும் மொத்தத் தொகை குறைவுதான்.

விலை இறங்கியதில் வேதியியலுக்குப் பெரும் பங்கு உண்டு. நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த பேட்டரிகள் எடைக்கு அதிக ஆற்றலைத் தருபவை, விலையும் அதிகம். இரும்பு பாஸ்பேட் வகையில் அந்த இரு உலோகங்களும் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழு முன்வைத்த இந்தப் பொருள் நெடுங்காலம் கார்களுக்கு மிகவும் கனமானது என்று ஒதுக்கப்பட்டது; செல்களை அடுக்கும் முறையை மாற்றிச் சீனத்தின் சிஏடிஎல், பிஒய்டி நிறுவனங்கள் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டின. பிஒய்டியின் பிளேடு பேட்டரி 2020-இல் வந்தது. அதே ஆண்டில் சீனத்தில் தயாரான டெஸ்லா மாடல் 3 கார்களிலும் இரும்பு பாஸ்பேட் செல்கள் இடம்பெற்றன. இவ்வகை பேட்டரி அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்குவதைத் தாங்கும். குளிரில் சார்ஜ் ஏறுவது மெதுவாகும். இன்னொரு சிறிய குணமும் உண்டு: சார்ஜ் குறைந்தாலும் இதன் மின்னழுத்தம் நெடுநேரம் ஏறத்தாழ மாறாமலே இருப்பதால், எத்தனை சதவீதம் மீதி என்று கணினியால் துல்லியமாகக் கணிக்க முடிவதில்லை. வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் வரை ஏற்றுங்கள் என்று சில தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துவது, கணிப்பைச் சரிசெய்துகொள்ளத்தான்.

பெரிய பேட்டரி யாருக்காக?

பெரும்பாலான கார்கள் ஒரு நாளில் ஓடும் தூரம், அவற்றின் முழு சார்ஜில் ஒரு சிறு பங்கே. ஆனாலும் வாங்குபவர் முதலில் கேட்பது ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான். ஆண்டுக்கு இருமுறை வரும் விருந்தினருக்காகப் பெரிய வீடு கட்டுவதைப் போல, எப்போதோ போகும் நெடும்பயணத்துக்காக ஆண்டு முழுவதும் கனமான பேட்டரியைச் சுமந்து திரிகிறோம். இந்தச் சுமை எப்படி விலையாகிறது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

1. 60 யூனிட் பேட்டரித் தொகுப்பின் எடை ஏறத்தாழ 400 கிலோ.
2. அந்த எடையைத் தாங்க அடித்தளமும் ஸ்பிரிங்குகளும் வலுவாக வேண்டும். நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். அதிகச் சுமை தாங்கும் டயர் வேண்டும். இவையும் எடையைக் கூட்டுகின்றன.
3. எடை கூடியதால் கிலோமீட்டருக்கான மின்செலவு உயர்கிறது. அறிவித்த தூரத்தை எட்ட இன்னும் கொஞ்சம் பேட்டரி தேவைப்படுகிறது.
4. பிறகு மீண்டும் முதல் படி.

இதற்கு நேர்மாறான பாதையில் போன ஒரு கார், 2022-இல் ஜப்பானில் வந்த நிசான் சகுரா. ஜப்பானில் கெய் எனப்படும் சிறு கார் வகைக்கான நீள, அகல வரம்புக்குள் அடங்கும் இதன் பேட்டரி 20 யூனிட் மட்டுமே. அதிகாரபூர்வத் தூரம் 180 கிலோமீட்டர். நிறுவனத்தின் முதல் லீஃபில் இருந்ததைவிடச் சிறிய பேட்டரி, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து! தூரத்தை மட்டும் பார்த்தால் இது விற்றிருக்கவே கூடாது. ஆனால் வந்த வேகத்தில் அந்நாட்டின் மின்சாரக் கார் விற்பனையில் முதலிடம் பிடித்தது. வீட்டில் பெரும்பாலும் இன்னொரு கார் இருப்பவர்களும், ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்களும் தங்கள் தேவையை அளந்து வாங்கினார்கள்.

இங்கே நிறுவனங்களின் ஒரு விற்பனைத் தந்திரத்தையும் சொல்ல வேண்டும். மின்மோட்டாரின் திறனைக் கூட்டுவதற்கு ஆகும் செலவு, பேட்டரியைக் கூட்டுவதற்கு ஆகும் செலவைவிட மிகக் குறைவு. ஆகவே குழந்தைகளைப் பள்ளியில் விடும் காருக்கும், நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை ஐந்தாறு வினாடிகளில் தொடும் ஆற்றலைக் கொடுத்து, அதைக் காட்டி விலையை நியாயப்படுத்துகிறார்கள். அந்த வேகம் டயரைத் தேய்ப்பதற்கும் காப்பீட்டுக் கட்டணத்தை ஏற்றுவதற்கும் தவிர அன்றாட ஓட்டத்தில் பயன்படுவதில்லை.

மாறாக, நல்ல முடிவு ஒன்று கேலிக்கு உள்ளான கதையும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3 மின்சாரக் காரின் பின்சக்கரங்களில் பழைய பாணி டிரம் பிரேக்கைப் பொருத்தியபோது, கார் பிரியர்கள் பலர் அதைக் கஞ்சத்தனம் என்றார்கள். மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையைப் பெரும்பாலும் மோட்டாரே செய்து, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பின்பிரேக்குக்கு வேலை மிகக் குறைவு. திறந்த வெளியில் இருக்கும் டிஸ்க் பிரேக்கின் தட்டு, உரசப்படாமல் கிடந்தால் துருப்பிடித்துக் குழிவிழும். மூடிய டிரம்முக்கு அந்தத் தொல்லை இல்லை. அன்றாடக் காரை வடிவமைக்கத் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு இது.

ஓட்டச் செலவு: லிட்டருக்கும் யூனிட்டுக்கும் உள்ள விகிதம்

மின்சாரக் கார் ஓட்டினால் மிச்சம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு மிச்சம் என்பதை எந்த நாட்டு நாணயமும் இல்லாமலே கணக்கிடலாம்.

1. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 16.5 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பிடும் பெட்ரோல் கார் 6 லிட்டர்.
2. 16.5-ஐ 6-ஆல் வகுத்தால் 2.75. ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையைப்போல் 2.75 மடங்குக்கு மேல் இருந்தால்தான் மின்சாரக் காரின் ஓட்டச் செலவு குறைவு.
3. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து 4.5 லிட்டரில் ஓடும் ஹைபிரிட் காரோடு ஒப்பிட்டால் இந்த எல்லைக்கோடு ஏறத்தாழ 3.7 மடங்காக உயர்கிறது.

வீட்டு மின்சாரத்தில் இந்த விகிதம் 8 மடங்கு என்றால், மின்சாரக் காரின் ஓட்டச் செலவு பெட்ரோல் காருடையதில் மூன்றில் ஒரு பங்கே. அதே ஊரில் விரைவு சார்ஜிங் நிலையத்தின் கட்டணப்படி விகிதம் 2.5-ஆகச் சுருங்கிவிட்டால், மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிடப் பத்து சதவீதம் அதிகச் செலவு வைக்கும். கார் ஒன்றுதான், ஓட்டுபவரும் ஒருவர்தான். சார்ஜ் ஏற்றும் இடம் மாறினால் கணக்கு தலைகீழாகிறது.

விலை வித்தியாசம் எத்தனை ஆண்டுகளில் ஈடாகும் என்பதையும் இப்படியே பார்க்கலாம். மின்சாரக் காருக்குக் கூடுதலாகக் கொடுத்த தொகை 4,000 லிட்டர் பெட்ரோலின் விலைக்குச் சமம் என்று கொள்வோம். விகிதம் 8 மடங்கு உள்ள வீட்டு மின்சாரத்தில் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏறத்தாழ 394 லிட்டரின் விலை மிச்சமாகும்; ஈடாகப் பத்தாண்டு ஆகும். 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஐந்தாண்டு. விகிதம் 4 மடங்கே உள்ள இடத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், கிளட்ச் போன்ற பராமரிப்புச் செலவுகள் இல்லை என்பது இந்தக் காலத்தைச் சற்றுக் குறைக்கும். காப்பீடும் டயரும் சற்றுக் கூட்டும்.

இதிலிருந்து ஒரு முரண் தெரிகிறது. அதிகம் ஓட்டுபவருக்கே மின்சாரக் கார் லாபம். அதிகம் ஓட்டுபவருக்குப் பெரிய பேட்டரி வேண்டும் என்பதால் விலையும் அவருக்கே அதிகம் என்று தோன்றும். உண்மையில் ஆண்டுத் தூரம் வேறு, ஒரு நாள் தூரம் வேறு. நாள்தோறும் 60 கிலோமீட்டர் தவறாமல் ஓட்டுபவர் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவார். இரவில் வீட்டில் சார்ஜ் ஏற்ற முடிந்தால் 25 யூனிட் பேட்டரி அவருக்கு தாராளம். சிறிய பேட்டரியால் அதிகப் பலன் பெறுபவர் இவர்தான்.

அரசுகள் செய்வதும் செய்யாததும்

நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது முழு மின்சாரக் கார்கள். அங்கே மின்சாரக் கார் மலிவாகத் தயாராகிறது என்பதல்ல. பெட்ரோல், டீசல் கார்களுக்கு நெடுங்காலமாகக் கனத்த வரி போட்டு, மின்சாரக் காருக்கு விலக்கு அளித்ததால் இரண்டின் விலையும் அருகருகே வந்தன. ஜெர்மனி மானியத்தை 2023 டிசம்பரில் திடீரென நிறுத்தியது. அடுத்த ஆண்டில் அங்கு மின்சாரக் கார் பதிவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. மானியத்தை நம்பிய விலை, மானியம் போனதும் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

பிரான்ஸ் 2024 தொடக்கத்தில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மாதம் ஏறத்தாழ 100 யூரோவில் மின்சாரக் காரை வாடகைக்குத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. வேலைக்குச் சொந்தக் காரில் தொலைவாகச் செல்வோர், ஆண்டுக்கு அதிகக் கிலோமீட்டர் ஓட்டுவோர் ஆகியோருக்கே அது ஒதுக்கப்பட்டது. மேலே பார்த்த கணக்கைப் புரிந்துகொண்ட விதி இது. ஏறத்தாழ 50,000 விண்ணப்பங்கள் ஏற்கப்பட்ட நிலையில், சில வாரங்களிலேயே அந்த ஆண்டுக்கான திட்டத்தை மூட வேண்டியதாயிற்று. மலிவான மின்சாரக் காருக்குத் தேவை இல்லை என்ற வாதம் இதற்குப் பிறகு எடுபடாது.

சார்ஜிங் வரியில் இத்தகைய கவனத்தைக் காணவில்லை. பிரிட்டனில் வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம், பொதுச் சார்ஜிங் நிலையத்தில் 20 சதவீதம் என்ற நிலை பல ஆண்டுகளாக விவாதத்தில் இருக்கிறது. சொந்த வாகன நிறுத்தம் உள்ளவர் குறைந்த வரியும், அடுக்குமாடியில் அது இல்லாதவர் நான்கு மடங்கு வரியும் செலுத்துகிறார்.

முதல் உரிமையாளரின் நட்டம், இரண்டாமவரின் வாய்ப்பு

எந்தப் புதுக் காரும் முதல் சில ஆண்டுகளில் வேகமாக மதிப்பிழக்கும். மின்சாரக் காரில் இந்தச் சரிவு கூடுதலாக இருந்ததற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. புதுக் காருக்கு மானியம் கிடைக்கும்போது பழைய காரின் விலையிலிருந்து சந்தை அந்தத் தொகையைக் கழித்துவிடுகிறது. 2023 தொடக்கத்தில் டெஸ்லா புதுக் கார்களின் விலையை வெட்டியபோது, முந்தைய வாரம் வரை வாங்கியவர்களின் கார்கள் ஒரே நாளில் மதிப்பிழந்தன. வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ், 2021-இல் ஒரு லட்சம் டெஸ்லா கார்களை வாங்கப்போவதாக அறிவித்து, 2024 ஜனவரியில் ஏறத்தாழ 20,000 மின்சாரக் கார்களை விற்றுவிட முடிவெடுத்ததற்கு மதிப்பிழப்பும் விபத்துப் பழுதுச் செலவும் காரணங்கள்.

மூன்றாவது காரணம் பேட்டரி பற்றிய அச்சம். அதற்கு அடிப்படை இருந்தது: முதல் லீஃபின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை, அமெரிக்காவின் அரிசோனா போன்ற வெப்பப் பகுதிகளில் சில கார்களின் கொள்ளளவு விரைவில் குறைந்து, வழக்கு வரை போனது. பிறகு வந்த கார்களில் பெரும்பாலானவை திரவக் குளிரூட்டல் கொண்டவை. 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் தருவது இன்று பரவலான நடைமுறை. சந்தையின் அச்சம் பழைய அனுபவத்திலேயே நிற்கிறது, பொருள் மாறிவிட்டது. இந்த இடைவெளியே மூன்று, நான்கு வயதான மின்சாரக் காரை, வீட்டில் சார்ஜ் ஏற்ற வசதி உள்ளவருக்கு இன்றைய நிலையில் மிகவும் கட்டுப்படியாகும் காராக ஆக்குகிறது.

அப்படி வாங்க முனைபவர், கிலோமீட்டர் மீட்டரை நம்பிப் பயனில்லை. பார்க்க வேண்டியவை இந்த வரிசையில் வரும்:

1. தொடக்கக் கொள்ளளவில் எத்தனை சதவீதம் மீதி என்று சொல்லும் பரிசோதனை அறிக்கை. விற்பவர் தர மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடலாம்.
2. பேட்டரி உத்தரவாதத்தில் மீதமுள்ள காலமும், அது இரண்டாம் உரிமையாளருக்கு மாறுமா என்பதும்.
3. காரை லிஃப்டில் ஏற்றி, பேட்டரி உறையின் அடிப்பகுதியில் இடிபட்ட குழி இருக்கிறதா என்ற சோதனை. கைவிரல் அளவு நசுங்கலுக்குக்கூடத் தொகுப்பையே மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. அந்தத் தொகை காரின் விலையை எட்டிவிடலாம்.
4. பின்பிரேக் டிஸ்க்குகளில் துரு, டயரின் உள்விளிம்புத் தேய்மானம். இவை பேரம் பேசப் போதுமான காரணங்களே தவிர, காரை ஒதுக்கும் அளவுக்கானவை அல்ல.